இலக்கணம் மறைக்கப்பட்ட கருவிகள்

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். துறை மலருக்குக் கட்டுரை வேண்டிய மாணவர்கள், சிற்றிலக்கியம் பற்றியோ இசுலாமியத் தமிழ்ப் புலவர் ஒருவரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். ஆயினும், எங்கள் துறையின் மூலையில் நான்கு ஆண்டுகள் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த ஒரு கருவி எனக்குக் கற்பித்த பாடத்தை, மொழியாசிரியன் என்ற முறையில் நான் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகின்றது.

அக்கருவி ஒரு வருடி. ‘ஸ்கேனர்’ என்றால் அனைவர்க்கும் எளிதில் விளங்கும். பழைய நூற்பதிப்புகளின் பக்கங்களைப் படமெடுத்துக் கணிப்பொறியில் சேமிப்பதற்காக அது வாங்கப்பட்டது. மறுபதிப்புக் காணாத, தொட்டால் உதிரும் தாள்களைக் கொண்ட இசுலாமியத் தமிழ் நூல்கள் சில, சமுதாயப் பெரியவர்களின் இல்லங்களிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுள் ஏறத்தாழப் பாதியைப் படமெடுத்து முடித்த வேளையில் கல்லூரியின் கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. பழையவை 32 பிட் இயங்குதளம் உடையவை. புதியவை 64 பிட் இயங்குதளம் உடையவை. புதிய கணிப்பொறியோடு வருடியை இணைத்தோம். விளக்கு எரிந்தது. ஆனால் கணிப்பொறி அதனை அறிந்துகொள்ள மறுத்தது. தயாரித்த நிறுவனத்திற்கு எழுதினோம். அவ்வகைக் கருவிக்குப் புதிய ‘டிரைவர்’ வெளியிடப்பட மாட்டாது என்றும், புதிய கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்றும் விடை வந்தது.

கருவியின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மோட்டார் நன்றாகச் சுழன்றது. ஒரு திருகுகூடக் கழன்றிருக்கவில்லை. உடல் முழுதும் நலமாயிருந்த ஒன்றை, அதனோடு பேசுவார் இல்லை என்ற ஒரே காரணத்தால் இறந்துவிட்டதாகக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதவும் செய்தோம். பாதி நூல்கள் படமெடுக்கப்படாமலே பெட்டிக்குள் திரும்பின.

அந்நாளில் என் உள்ளத்தில் எழுந்த வினா எளியது. கருவியோடு கணிப்பொறி எவ்வாறு பேசுகின்றது? அப்பேச்சு எதனால் நின்றுபோகின்றது? விடை தேடியபோது, இது பொறியியலாளர் மட்டுமே எண்ணவேண்டிய செய்தியன்று, மொழியைப் பற்றியும் அறிவின் உரிமையைப் பற்றியும் எழுந்த வினா என்பது புலனாயிற்று.

துபாசியின் பணி

கணிப்பொறியில் நாம் எழுதும் கடிதத்திற்கு உதவும் மென்பொருளுக்கு அச்சுப்பொறியின் உள்ளமைப்புத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. ‘இதனை அச்சிடுக’ என்று இயங்குதளத்திடம் சொல்வதோடு அதன் கடமை முடிந்துவிடுகின்றது. இயங்குதளத்திற்கும் உலகில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு கருவியையும் அறிந்து வைத்திருத்தல் இயலாது. இங்கேதான் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி வருகின்றது. ஒருபுறம் இயங்குதளத்தின் பொதுமொழி. மறுபுறம் அந்தக் கருவிக்கே உரிய தனிமொழி. இரண்டையும் அறிந்து இடையில் நிற்கும் சிறு மென்பொருளே இயக்கி.

ஐரோப்பிய வணிகக் குழுவினர் நம் கடற்கரைக்கு வந்த காலத்தில் இருதரப்பு மொழியும் அறிந்து இடைநின்றவரைத் ‘துபாசி’ என்றனர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்த மாணவர்க்கு அப்பதவியின் பெருமையும் பொறுப்பும் தெரிந்திருக்கும். இயக்கியும் ஒரு துபாசியே. துபாசி இல்லாத அவையில் இருதரப்பும் எவ்வளவு அறிவுடையவராயினும் ஊமையரே. எங்கள் வருடிக்கு நேர்ந்ததும் அதுவே. அதன் துபாசி 32 பிட் இயங்குதளத்திற்கென எழுதப்பட்டவர்; 64 பிட் இயங்குதளத்தின் உட்கருவில் அவருக்கு இடமில்லை.

சரி, இந்தத் துபாசி கருவியிடம் என்ன மொழியில் பேசுகிறார்? ஒவ்வொரு கருவியிலும் ‘ரெஜிஸ்டர்’ எனப்படும் சிறுசிறு பதிவகங்கள் உள்ளன. இவற்றை அறைகள் பல கொண்ட ஓர் அலமாரியாக எண்ணிக்கொள்ளலாம். ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணை இட்டால் விளக்கு எரியும். மற்றோர் அறையில் வேறோர் எண்ணை இட்டால் மோட்டார் நகரும். மூன்றாவது அறையைத் திறந்து பார்த்தால் ‘வேலை முடிந்தது’ என்றோ ‘தாள் சிக்கிக்கொண்டது’ என்றோ பொருள்படும் எண் இருக்கும். இயக்கி செய்வதெல்லாம் உரிய அறையில் உரிய எண்ணை உரிய வரிசையில் இடுதலும், மீண்டும் எடுத்துப் பார்த்தலுமே. எந்த அறைக்கு எந்தப் பணி, எந்த எண்ணுக்கு எந்தப் பொருள் என்பதைக் கூறும் ஆவணம்தான் அக்கருவியின் இலக்கண நூல். இந்த நூல் கையில் இருந்தால் திறமுடைய எவரும் இயக்கி எழுதலாம். இல்லையேல் எழுதவியலாது. கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இவ்வொரு செய்தியின் மீதே நிற்கின்றது என்பதால் இதனை நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றேன்.

‘க’ பிறக்கும் கதை

தமிழ் மாணவர்க்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு விசைப்பலகை. நாம் ஒரு விசையை அழுத்தித் திரையில் ‘க’ என்னும் எழுத்தைக் காண்கின்றோம். விசைப்பலகைக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணுவது இயல்பே. உண்மையில் அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. என்னும் கணிப்பொறியின் வழிமுறையைக் கொண்டு இதனை விளக்குவது எளிது. ஆங்கில ‘எச்’ என்று பொறிக்கப்பட்ட விசையை அழுத்துகின்றோம். விசைகளின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை உண்டு. எந்த வரிசையும் எந்த நிரலும் சந்திக்கும் இடத்தில் விசை அழுந்தியது என்பதைப் பலகையினுள் இருக்கும் சிறு சில்லு கண்டறிகின்றது; அவ்விசைக்கு உரிய 35 என்னும் எண்ணைக் கணிப்பொறிக்கு அனுப்புகின்றது. விரலை எடுத்தவுடன் 128ஐக் கூட்டி 163 என்று மீண்டும் அனுப்புகின்றது. விசை அழுந்தியதும் எழுந்ததும் தனித்தனிச் செய்திகள். எண் வந்து சேர்ந்ததும் ‘இண்டரப்ட்’ எனப்படும் குறுக்கீட்டுக் குறிப்பு ஒன்று மையச் செயலிக்குச் செல்கின்றது. செயலி தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துகின்றது; விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கின்றது; விசைப்பலகைக்குரிய இயக்கியை அழைக்கின்றது. இயக்கி உரிய வாயிலில் காத்திருக்கும் 35ஐ எடுத்து இயங்குதளத்திடம் ஒப்படைக்கின்றது. செயலி பழைய வேலைக்குத் திரும்புகின்றது. கண்ணிமைக்கும் பொழுதில் மிகச் சிறிய பகுதிக்குள் இவையனைத்தும் நடந்தேறுகின்றன.

இதுவரை ‘க’ என்னும் எழுத்துப் பிறக்கவே இல்லை. 35 என்ற எண் மட்டுமே உள்ளது. இதற்கு மேலுள்ள அடுக்கில், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணை இருக்கின்றது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை அட்டவணையின்படி அவ்விசை ‘க’ ஆகின்றது. அடுத்து ‘இ’ விசையை அழுத்தினால், மெய்யும் உயிரும் புணர்ந்து ‘கி’ ஆகின்றது. அந்தப் புணர்ச்சியைச் செய்வதும் மேலடுக்கு மென்பொருளே. பழைய தட்டச்சு முறையைத் தழுவிய பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துவோர்க்கு அதே விசை துணைக்கால் ஆகின்றது. நம் அரபுத் துறை நண்பர்கள் தங்கள் கணிப்பொறியில் அரபு அட்டவணையைத் தேர்ந்து அதே விசையை அழுத்துவாராயின் திரையில் அலிஃப் தோன்றும். விசை ஒன்று, எண் ஒன்று, தமிழில் ககரம், அரபியில் அலிஃப். கீழேயுள்ள கருவியும் இயக்கியும் எம்மொழியார்க்கும் பொதுவாக நின்று, தம் பணியை மட்டும் செய்கின்றன.

இன்று பெரிதும் வழங்கும் யு.எஸ்.பி. விசைப்பலகைகளில் நடைமுறை சிறிது வேறுபடும். அங்கே விசைப்பலகை தானாக வாய்திறப்பதில்லை. ‘சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?’ என்று கணிப்பொறியின் யு.எஸ்.பி. கட்டுப்படுத்தி அதனை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறையோ அதற்கு மேலுமோ கேட்டுக்கொண்டே இருக்கின்றது. உண்டு என்ற விடை கிடைத்தபோது அக்கட்டுப்படுத்தியே மையச் செயலிக்குக் குறுக்கீடு விடுக்கின்றது. ‘எச்’ விசைக்கு யு.எஸ்.பி. நெறிமுறை தந்துள்ள எண் 11. எண் மாறினும் முறை மாறவில்லை. மேலிருக்கும் அட்டவணைக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது; தெரியாதவாறு காப்பது இயக்கியின் கடமை.

குறுக்கீடும் நேர்வழியும்

குறுக்கீடு என்னும் இந்த ஏற்பாடு சிறியதாகத் தோன்றினும் கணிப்பொறி வரலாற்றில் பெரியதொரு திருப்பம். அஃது இல்லாவிடின், செயலி ஒவ்வொரு கருவியின் வாயிலிலும் சென்று ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று ஓயாது கேட்டு நிற்கவேண்டும். ஒரு நொடியில் கோடிக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றவல்ல செயலி, ஒரு மனிதர் அடுத்த விசையை அழுத்தும் வரை வாளா நிற்பது எத்துணை வீண்!

ஆனால் குறுக்கீடு புதியதோர் இடரையும் உடன்கொண்டு வந்தது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்சர் டெய்க்ஸ்ட்ரா, எக்ஸ்1 என்னும் கணிப்பொறிக்காகக் குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதியவர். 1959இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பே ‘தானியங்கிக் கணிப்பொறியுடன் தொடர்புகொள்ளல்’ என்னும் பொருள் தருவது. குறுக்கீடு எந்த நொடியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லவியலாது. ஆகவே நிரலில் பிழை இருந்தால், அது ஒருநாள் தோன்றி மறுநாள் மறைந்துவிடும். மீண்டும் வரவழைத்துக் காணவும் இயலாது. இந்த அச்சமே, சோதித்துப் பார்த்து நம்புவதைவிடத் தொடக்கத்திலேயே பிழையற எண்ணி எழுதவேண்டும் என்னும் கோட்பாட்டிற்கு அவரைச் செலுத்திற்று. யாப்பிலக்கணம் அறிந்து பாடுவார்க்கும் ஓசை போன போக்கில் பாடுவார்க்கும் உள்ள வேறுபாடு இது.

மிகுதியான தரவு வருமிடத்தில் குறுக்கீடு மட்டும் போதாது. எங்கள் வருடியையே எடுத்துக்கொள்வோம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளைச் சாயல்களில் படமெடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிக்கொரு பைட் என வைத்துக்கொண்டால், ஒரே பக்கத்திற்கு 87 இலட்சம் பைட். ஒவ்வொன்றையும் செயலியே கையில் எடுத்து நினைவகத்தில் வைப்பதாயின் வேறு பணிகள் யாவும் தடைப்படும். எனவே, இயக்கியானவர் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, ‘தரவை நேரே இங்குக் கொண்டுவந்து இறக்குக, முடிந்ததும் தெரிவிக்க’ என்று கட்டுப்படுத்தியிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். இதற்கு நேரடி நினைவக அணுக்கம் என்று பெயர். மூட்டைகள் கிடங்கில் இறங்கி முடிந்த பின்னர்க் கணக்குப் பார்க்க மட்டும் முதலாளி வருவது போன்றது இது.

பதிவகம், குறுக்கீடு, நேரடி அணுக்கம் ஆகிய இம்மூன்றுமே கருவியோடு பேசும் முறையின் அடிப்படை. மேல்நோக்கிப் பேசும் முறையை நேர்ப்படுத்திய பெருமை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்திற்கு உண்டு. 1971இல் அதன் முதற்பதிப்புக் கையேடு வெளியாயிற்று. அச்சுப்பொறியாயினும் வட்டாயினும் முனையமாயினும் அனைத்தையும் ஒரு கோப்பினைப் போலவே திற, படி, எழுது, மூடு என்னும் ஒருசில வினைகளால் கையாளலாம் என்று அது வகுத்தது. கருவிகள் பல்லாயிரம், மேலிருந்து வழங்கும் வினைச்சொற்களோ சில. அந்தச் சிலவற்றைக் கருவியின் மொழியாக்கிக் கொடுப்பது துபாசியின் பணி.

அரண்மனையுள் நுழைந்தவர்

துபாசிக்கு மன்னரின் அந்தரங்க அறை வரை செல்லும் உரிமை உண்டு. இயக்கிகளுள் பெரும்பாலானவையும் அவ்வாறே. இயங்குதளத்தின் ‘கெர்னல்’ எனப்படும் உட்கருவிற்குள்ளேயே இயங்குகின்றன. நாம் பயன்படுத்தும் பிற மென்பொருள்கள் தவறிழைத்தால் அவை மட்டும் வீழும். உட்கருவில் உள்ள இயக்கி தவறினால் அரண்மனையே சரியும்.

லினக்ஸ் உட்கருவை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டின் ஆய்வொன்று, அதன் பிற பகுதிகளைக் காட்டிலும் இயக்கிகளில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருப்பதாகக் கண்டது. அண்மைச் சான்றும் உண்டு. 2024 சூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான தரவுக்கோப்பு ஒன்றை, உட்கருவில் இயங்கிய அதன் இயக்கி படிக்க முற்பட்டது. தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தை அது தொடவே, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இந்திய வானூர்தி நிலையங்கள் சிலவற்றில், வானூர்தி ஏறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அந்த இயக்கி கருவி எதனையும் இயக்குவதன்று. கணிப்பொறியைக் காப்பதற்கென்று உட்கருவில் அமர்ந்தது. ஆயினும் உட்கருவில் இடம்பெற்றவர் யாராயினும் அவர் பிழை அனைவர் பிழையாகும் என்பதற்கு அஃதொரு சான்று.

இத்துணை அதிகாரம் பெற்ற ஒன்று எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைப் பலர் கண் கொண்டு பார்க்கும் வாய்ப்பு இருத்தல் நன்றா, மூடி வைத்தல் நன்றா என்னும் வினா இங்கு இயல்பாகவே எழுகின்றது.

மறைக்கப்பட்ட நூல்

இவ்வினாவை உலகறியச் செய்ததும் ஓர் அச்சுப்பொறியே. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அளித்தது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்குச் செய்தி செல்லுமாறு அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதியதிலும் அவ்வாறு செய்ய விரும்பினார். மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஒருவரை நேரில் சென்று கேட்டார். எவருக்கும் தருவதில்லை என நிறுவனத்திற்கு உறுதி கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அம்மறுப்புத் தம் உள்ளத்தை மாற்றியதாக ஸ்டால்மன் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். 1983இல் அவர் அறிவித்த ‘குனு’ திட்டமும், அதனின்று வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கமும் அவ்வுள்ளத்தில் விளைந்தவை.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் உட்கருவின் இன்றைய நிரல்வரிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இயக்கிகளே. அவற்றுள் சிலவற்றை நிறுவனங்களே எழுதிக் கொடுத்தன. சிலவற்றை, வெளியிடப்பட்ட இலக்கண நூலைப் பார்த்துத் தன்னார்வலர் எழுதினர். நூலே கிடைக்காதபோது மூன்றாவது ஒரு வழியை மேற்கொண்டனர். நிறுவனத்தின் இயக்கி கருவிக்கு என்ன எண்களை அனுப்புகின்றது, கருவி என்ன விடை தருகின்றது என்பதை ஒட்டுக்கேட்டுக் குறித்து, ஒப்பிட்டு, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று உய்த்துணர்ந்தனர். இது கல்வெட்டு எழுத்தைப் படிப்பார் செய்யும் பணிக்கு நிகரானது. கல்வெட்டுப் பொறித்தவர் மறைந்துபோனார். இங்கோ நூலை எழுதியவர் உயிரோடு இருந்துகொண்டே அதனைப் பூட்டி வைத்திருக்கிறார் என்பதுதான் வேறுபாடு. என்விடியா நிறுவனத்தின் வரைகலைச் சில்லுகளுக்காக ‘நூவோ’ என்னும் குழுவினர் பல ஆண்டுகள் இவ்வாறே உழைத்தனர். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் லினக்ஸிற்கான தன் உட்கரு நிரலின் மூலத்தை வெளியிட்டது.

நிறுவனத்தார் கூறும் மறுப்புகளைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் முறையன்று. கருவியின் அமைப்பை உருவாக்கப் பெரும்பொருள் செலவிட்டோம், அதனை வெளியிட்டால் போட்டியாளர் பார்த்துச் செய்வர் என்பது முதல் மறுப்பு. கருவியின் உள்ளே மின்சுற்று எவ்வாறு அமைந்துள்ளது என்பது வேறு. அதனிடம் எவ்வாறு பேசவேண்டும் என்பது வேறு. கடிகாரத்தின் உட்பல்லைக் காட்டவேண்டியதில்லை. சாவி கொடுக்கும் முறையைச் சொன்னால் போதும். இரண்டையும் முற்றாகப் பிரிக்கவியலாத கருவிகள் சில உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விற்பனை நிறுத்தப்பட்டு, இயக்கியும் கைவிடப்பட்ட கருவிக்கு அந்த வாதம் எவ்வளவு பொருந்தும்?

வெளியிட்டால் தீயோர் பயன்படுத்துவர் என்பது இரண்டாவது மறுப்பு. புறந்தள்ளத் தக்கதன்று இது. எனினும் கைவிடப்பட்ட மூடிய இயக்கியில் உள்ள ஓட்டையை அடைப்பவர் எவரும் இலர். திறந்த இயக்கியில் பார்ப்பவர் பலர், திருத்துபவரும் உளர்.

பொது இலக்கணம் இருக்குமிடத்தில் தொழிலும் கெட்டுவிடவில்லை. நம் மாணவர் ஒவ்வொருவர் பையிலும் உள்ள ‘பென் டிரைவ்’ இதற்குச் சான்று. எந்த நிறுவனம் செய்ததாயினும் அதனை எந்தக் கணிப்பொறியில் செருகினாலும் வேலை செய்கின்றது. சேமிப்புக் கருவிகளுக்கென யு.எஸ்.பி. அமைப்பு பொதுவான நெறிமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டமையே காரணம். ஒரே இயக்கி அனைத்திற்கும் போதுமானது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அத்தகைய பொது நெறிமுறை உண்டு. அவற்றைச் செய்யும் நிறுவனங்கள் எவையும் அதனால் நலிந்துவிடவில்லை. அச்சுப்பொறிகளும் அண்மை ஆண்டுகளில் இவ்வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன.

நாம் செய்யத்தக்கது

எங்கள் வருடியின் கதைக்கு மீள்கின்றேன். துறைக்கு வந்த கணிப்பொறி அறிவியல் மாணவர் ஒருவர், துணி மூடிய கருவியைக் கண்டு, “ஐயா, இதை லினக்ஸில் போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். “அதற்கு உயிர் போய் நான்கு ஆண்டாயிற்று, தம்பி” என்றேன். அவர் தம் மடிக்கணிப்பொறியைக் கொணர்ந்து இணைத்தார். ‘சேன்’ என்னும் தன்னார்வலர் திட்டம் எழுதிய வருடி நிரல்களுள் எங்கள் கருவிக்குரியதும் இருந்தது. நிறுவனத்தின் துணையின்றி, ஒட்டுக்கேட்டு, உய்த்துணர்ந்து எழுதப்பட்ட நிரல் அது. விளக்குத் தண்டு மெல்ல நகர்ந்தது. திரையில் ஒரு பழம்பதிப்பின் முகப்புப் பக்கம் வரிவரியாக இறங்கி வந்தது. முகமறியாத யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ இரவு விழித்து, நம் நூலுக்காக அன்றித் தம் பக்கத்துக்காக எழுதியது. அது நம் நூலைக் காத்தது.

மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் கலந்தே வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெட்டிக்குள் திரும்பிய நூல்களுள் ஒன்றை மீண்டும் கேட்டு ஓர் இல்லத்திற்குச் சென்றேன். அதனை வைத்திருந்த பெரியவர் இறையடி சேர்ந்துவிட்டிருந்தார். வீடு மாற்றியபோது பழைய தாள்களோடு அந்நூலும் போய்விட்டது என்று அவர் மகன் வருந்திச் சொன்னார். வேறெங்கேனும் அதன் படி கிடைக்குமா என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றேன். பூட்டி வைக்கப்பட்ட ஓர் இலக்கண நூல், அதனோடு எத்தொடர்பும் இல்லாத ஓர் இலக்கிய நூலின் இழப்புக்குக் காரணமாயிற்று. இயக்கியைப் பற்றிய பேச்சு நமக்கென்ன என்று கேட்பார்க்கு என் விடை இதுவே.

எனவே சிலவற்றை முன்வைக்க விரும்புகின்றேன். முதலாவது, கல்லூரி நிருவாகத்தினர்க்கும் பெரியோர்க்கும் உரியது. கருவி வாங்கும்போது விலையையும் உத்தரவாதத்தையும் கேட்கின்றோம். அதனோடு, ‘இது பொது நெறிமுறையில் இயங்குமா? இதற்குத் திறந்த இயக்கி உண்டா?’ என்னும் வினாவையும் விலைப்புள்ளிக் கோரிக்கையில் ஒரு வரியாகச் சேர்க்கவேண்டும். அறக்கொடையால் வாங்கப்படும் பொருள், ஒரு நிறுவனத்தின் விருப்பத்தால் இடையில் ஊமையாவது கொடை அளித்தவர் நோக்கத்திற்குத் தீங்காகும்.

இரண்டாவது, அரசுக்கு உரியது. 2022 சூலையில் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை, பழுதுநீக்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்கக் குழு அமைத்தது. உழவுக் கருவி, கைப்பேசி, வீட்டுப் பொருள், ஊர்தி ஆகியவற்றைப் பற்றி அது கருதிற்று. உதிரி உறுப்புக் கிடைப்பது மட்டுமே பழுதுநீக்கும் உரிமையாகாது. இயக்கி வெளியிடுவதை நிறுத்தும் நாளில், அக்கருவியோடு பேசும் இலக்கணத்தை வெளியிடல் வேண்டும் என்பதும் அவ்வுரிமையின் உறுப்பாதல் வேண்டும்.

மூன்றாவது, மாணவச் செல்வங்களாகிய உங்களுக்கு. மென்பொருளின் மேற்பரப்பில் மட்டும் நின்று அதனைப் பயன்படுத்துவாராக முடிந்துவிடாதீர்கள். ஒரு விசை அழுந்துவது எவ்வாறு ஓர் எழுத்தாகின்றது என்பதை அடி வரை சென்று காணுங்கள். கண்டதைத் தமிழில் எழுதுங்கள். பதிவகம், குறுக்கீடு, இயக்கி, உட்கரு என்று சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட நூல்கள்தாம் குறைவு. கணிப்பொறி அறிவியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் அறிமுகமற்ற அண்டை வீட்டாராய் இருக்கின்றன. இருசாராரும் கூடி, ஆண்டுக்கு ஒரு சிறு நூலேனும் கொணர்வாராயின் அது இம்மலரைவிட நீண்ட நாள் நிற்கும்.

அறிவு என்பது ஒருவர் மற்றவர்க்குக் கொடுப்பதனால் குறையாத செல்வம் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். சொல்லுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் அதனை ஏட்டில் எழுதி எவரும் கற்க விட்டுச் சென்றமையால்தான் நாம் இன்று தமிழ் கற்கின்றோம், பிறர்க்குக் கற்பிக்கின்றோம். கருவிக்கு இலக்கணம் வகுப்போரும் அவ்வாறு விட்டுச் செல்லட்டும். எங்கள் துறையின் மூலையில் அந்த வருடி இப்போது துணி மூடாமல் இருக்கின்றது. உங்கள் இல்லங்களில் பழைய நூல்கள் இருப்பின் எடுத்து வாருங்கள். இம்முறை காலம் தாழ்த்தாமல் படமெடுத்து, நூலை உங்களிடமே பத்திரமாகத் திருப்பித் தருவோம்.